பல்வலியா, சைனஸா, பூஞ்சையா? சுகர் இருப்பவர்கள் தவறவிடக் கூடாத முதல் சில நாட்கள்

2021 மே மாதம், கொரோனா இரண்டாம் அலை உச்சத்தில் இருந்த நேரம். அதுவரை மருத்துவப் பாடப் புத்தகங்களுக்குள் மட்டும் இருந்த ஒரு நோய் திடீரென்று தலைப்புச் செய்தி ஆனது. டாக்டர்கள் அதை மியூகோர்மைகோசிஸ் என்றார்கள். மக்கள் 'கறுப்புப் பூஞ்சை' என்றார்கள். எந்த மருத்துவமனையில் இந்த நோய் தென்பட்டாலும் அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டும் என்று அறிவிக்குமாறு மத்திய சுகாதார அமைச்சகம் மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியது. தமிழ்நாடும் அப்படியே அறிவித்தது. அதே ஆண்டு ஜூலையில் நாடாளுமன்றத்தில் சொல்லப்பட்ட கணக்குப்படி, நாடு முழுக்க 45,000 பேருக்கு மேல் பாதிக்கப்பட்டிருந்தார்கள். 4,300 பேருக்கு மேல் இறந்திருந்தார்கள்.

கொரோனா அடங்கியதும் இந்தச் செய்தியும் காணாமல்போனது. நோய் போகவில்லை. கொரோனாவுக்கு முன்பும் அது இந்தியாவில் இருந்தது, இப்போதும் இருக்கிறது. அது பெரும்பாலும் தேடி வருவது, சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்களைத்தான்.

அரிய நோய்தான். ஆனால், வந்துவிட்டால் ஒவ்வொரு நாளும் கணக்கு. மூக்கில் தொடங்கி, கண்ணுக்குப் போய், மூளை வரை பரவுவதற்குச் சில நாட்களே போதும். அந்த நாட்களில் பாதி, 'இது என்ன நோய்?' என்று கண்டுபிடிப்பதற்குள்ளேயே போய்விடுகிறது என்பதுதான் இதில் பெரிய சிக்கல். அது ஏன், எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள், நோயாளி தரப்பில் என்ன செய்ய முடியும்?

'கறுப்பு' என்ற பெயரில் என்ன பிரச்சினை?

முதலில், இந்தப் பூஞ்சை கறுப்பு நிறம் கொண்டதில்லை. ரைசோபஸ், மியூகோர், லிக்தைமியா போன்ற பூஞ்சைகள் சேர்ந்த ஒரு குடும்பம் இது. ஈரமான பிரெட்டில் பஞ்சு மாதிரி பூக்கும் பூசணம் இவற்றின் நெருங்கிய உறவு. மண்ணில், அழுகும் இலையில், சாணத்தில், காற்றில் என்று எங்கும் இருக்கின்றன. இவற்றின் விதைத்தூள்களை எல்லோரும்தான் சுவாசிக்கிறோம். ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு இது தொற்றுவதில்லை.

கறுப்பு எங்கிருந்து வருகிறது? இந்தப் பூஞ்சை உடலுக்குள் போனால் ரத்தக் குழாய்களைத் துளைத்து உள்ளே வளரும். குழாய் அடைபடும். ரத்தம் போகாத சதை செத்துப்போய்க் கறுத்துவிடும். அதாவது கறுப்பு என்பது பூஞ்சையின் நிறம் கிடையாது, செத்த சதையின் நிறம்.

இதில்தான் ஆபத்து. பெயரைக் கேட்டவர்கள் கறுப்பைத் தேடுகிறார்கள். மூக்கில் கறுப்பாக எதுவும் வரவில்லை, அண்ணம் கறுக்கவில்லை, அதனால் இது அந்த நோய் இல்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள். கறுப்பு தெரியும்போது சதை ஏற்கெனவே செத்திருக்கும். அதற்கு முந்தைய கட்டத்தில் பிடிப்பதுதான் உயிரையும் கண்ணையும் காப்பாற்றும்.

சுகர் உள்ளவர்களை ஏன் குறிவைக்கிறது?

நல்ல ஆரோக்கியத்தில் இருப்பவரின் மூக்குக்குள் விதைத்தூள் போனால், வெள்ளணுக்கள் அதை முளைக்கும் முன்பே தின்று தீர்த்துவிடும். ரத்தத்தில் சர்க்கரை வாரக்கணக்கில் அதிகமாகவே இருந்தால், இந்த வெள்ளணுக்கள் மந்தமாகிவிடும். தொற்று இருக்கும் இடத்துக்கு வருவதும் தாமதம், கொல்வதும் தாமதம்.

அடுத்தது இரும்பு. இந்தப் பூஞ்சை வளர இரும்புச் சத்து தேவை. ரத்தத்தில் இருக்கும் இரும்பை டிரான்ஸ்ஃபெரின் என்ற புரதம் இறுக்கிப் பிடித்து வைத்திருக்கும், கிருமிகளுக்குக் கொடுக்காது. சர்க்கரை கட்டுமீறிப் போய், உடல் கொழுப்பை எரிக்கத் தொடங்கி, கீட்டோன் அமிலங்கள் ரத்தத்தில் சேரும் நிலைக்கு கீட்டோஅசிடோசிஸ் என்று பெயர். ரத்தம் அமிலத்தன்மை அடைந்ததும் டிரான்ஸ்ஃபெரினின் பிடி தளரும். இரும்பு வெளியே வரும். பூஞ்சைக்கு அதுதான் விருந்து. போதாததற்கு, கீட்டோன் சூழலிலும் வளரக்கூடிய நொதி ரைசோபஸிடம் இருக்கிறது.

மூன்றாவது, பூட்டும் சாவியும் போன்ற ஒரு விஷயம். ரத்தக் குழாயின் உட்சுவர் செல்களில் ஜிஆர்பி78 என்ற புரதம் உண்டு. சர்க்கரை, இரும்பு, கீட்டோன் மூன்றும் கூடும்போது அதன் அளவும் கூடுகிறது. பூஞ்சையின் மேலுறையில் உள்ள ஒரு புரதம், சாவி மாதிரி அதில் சரியாகப் பொருந்துகிறது. குழாய்க்குள் நுழைய வழி கிடைத்துவிடுகிறது.

கீட்டோஅசிடோசிஸ் வந்தவருக்குத்தான் இந்த நோய் வரும் என்று நினைக்க வேண்டாம். இந்தியாவில் பார்க்கப்படும் நோயாளிகளில் பெரும்பாலானவர்கள், நெடுநாள் கட்டுப்பாடில்லாத டைப் 2 சர்க்கரை நோயாளிகள். சிலருக்கு இந்தத் தொற்றோடு மருத்துவமனைக்கு வரும்போதுதான் சுகர் இருப்பதே முதல் முறையாகத் தெரியவருகிறது. கொரோனா காலத்தில் ஸ்டீராய்டு மருந்துகள் இதை இன்னும் மோசமாக்கின. அவை சர்க்கரையை ஏற்றின, எதிர்ப்பாற்றலையும் குறைத்தன.

இந்தியாவில் ஏன் அதிகம்?

ஐ.சி.எம்.ஆர். ஆதரவில் சென்னையைச் சேர்ந்த மருத்துவர்கள் முன்னின்று நடத்தி 2023-ல் வெளியிட்ட ஆய்வின்படி, இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. இன்னும் 13.6 கோடிப் பேர் அதன் வாசலில் நிற்கிறார்கள். தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4% பேருக்குச் சர்க்கரை நோய்.

மியூகோர்மைகோசிஸ் இந்தியாவில் 10 லட்சம் பேருக்குச் சுமார் 140 பேர் என்ற அளவில் இருக்கலாம் என்று ஒரு கணித மதிப்பீடு சொல்கிறது. வளர்ந்த நாடுகளோடு ஒப்பிட்டால் இது பல மடங்கு அதிகம். அந்த நாடுகளில் இந்த நோய் முக்கியமாக ரத்தப் புற்றுநோய், உறுப்பு மாற்று சிகிச்சை பெற்றவர்களுக்கு வருகிறது. நம் நாட்டில் முதலிடம் சர்க்கரை நோய்க்கு.

2022 அக்டோபரில் உலக சுகாதார நிறுவனம், மனிதர்களுக்கு ஆபத்தான 19 பூஞ்சைகளின் முன்னுரிமைப் பட்டியலை முதல் முறையாக வெளியிட்டது. மியூகோர் குடும்பம் அதில் 'உயர் முன்னுரிமை' பிரிவில் இடம்பெற்றது.

முதல் சில நாட்கள் எப்படி இருக்கும்?

ரொம்பச் சாதாரணமாக இருக்கும். அதுதான் பிரச்சினை.

மூக்கின் ஒரு பக்கம் அடைப்பு. ஒரு பக்கக் கன்னத்தில் வலி. தலைவலி. லேசான காய்ச்சல் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். மேல் பல்லில் வலி, சில நேரம் பல் ஆடுவது. மூக்கிலிருந்து பழுப்பாகவோ ரத்தம் கலந்தோ நீர் வருவது.

இந்த அறிகுறிகளோடு ஒருவர் எங்கே போவார்? பல் வலித்தால் பல் டாக்டரிடம். கண் வீங்கினால் கண் மருத்துவமனைக்கு. மூக்கடைப்பு என்றால் பக்கத்து மெடிக்கலில் மாத்திரை. "சைனஸ்தான், அஞ்சு நாள் ஆன்டிபயாடிக் போடுங்க, சரியாயிடும்" என்ற பதில் வரும். பத்தில் ஒன்பது பேருக்கு மேல் அந்தப் பதில் சரியாகவும் இருக்கும். மீதி இருக்கும் அந்த அரிய ஒருவருக்கு, ஐந்து நாள் என்பது மிக நீண்ட காலம்.

இன்னொரு பொறியும் உண்டு. முகத்தின் ஒரு பக்கம் கோணிக்கொள்வது சிலருக்கு இந்த நோயின் ஆரம்ப அறிகுறியாக வரலாம். சாதாரண முகவாதம் என்று நினைத்து ஸ்டீராய்டு கொடுத்தால், சர்க்கரை ஏறும், பூஞ்சைக்கு இன்னும் வசதியாகும்.

2021-ல் ஐ.சி.எம்.ஆர். வெளியிட்ட அறிவுரையில் ஒரு வரி முக்கியமானது. எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களுக்கு மூக்கடைப்பு வந்தால், எல்லாவற்றையும் பாக்டீரியா சைனஸ் என்று முடிவு கட்டாதீர்கள் என்று அது டாக்டர்களுக்குச் சொன்னது. பூஞ்சையைத் தேடும் பரிசோதனைகளைச் செய்யத் தயங்க வேண்டாம் என்றும் சொன்னது.

சாதாரண சைனஸிலிருந்து எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

வீட்டில் இருந்தபடி யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால், சுகர் இருப்பவருக்குக் கீழே இருப்பவற்றில் ஒன்று வந்தாலும் அன்றைக்கே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போக வேண்டும்.

• வலி, வீக்கம், அடைப்பு எல்லாம் முகத்தின் ஒரே பக்கம் இருப்பது.
• கன்னம், உதடு, மூக்கின் ஓரம் அல்லது அண்ணத்தில் மரத்துப்போனது போன்ற உணர்வு.
• இமை இறங்குவது, கண் வீங்கி முன்னால் தள்ளுவது, பார்வை மங்குவது, இரட்டை இரட்டையாகத் தெரிவது.
• சொத்தை இல்லாமலேயே மேல் பல் ஆடுவது. பல் பிடுங்கிய இடம் ஆறாமல் இருப்பது.
• ஆன்டிபயாடிக் போட்டும் வலி குறையாமல் கூடிக்கொண்டே போவது.
• மூக்கு நீரில் ரத்தமோ கறுப்போ தெரிவது.

இவற்றில் மரத்துப்போவதைத்தான் பலர் கண்டுகொள்வதில்லை. வலி குறைந்துவிட்டது என்று நிம்மதிகூட அடைவார்கள். பூஞ்சை நரம்பைத் தொட்டதால் உணர்வு போயிருக்கலாம். சாதாரண சைனஸில் கன்னம் வலிக்கும், மரத்துப்போகாது.

கண் பக்கம் அறிகுறி வந்தால் ஏன் அவசரம்? மூக்குக்கும் கண் குழிக்கும் நடுவில் இருப்பது காகிதம் போல மெல்லிய ஓர் எலும்புத் தகடு. அதைத் தாண்டுவது பூஞ்சைக்குப் பெரிய வேலை இல்லை. கண் குழியின் பின்பக்கம் வழியாக மூளைக்குப் பாதை திறந்திருக்கிறது.

மருத்துவமனையில் முதல் வேலை: மூக்குக்குள் ஒரு கேமரா

மெல்லிய குழாயின் முனையில் கேமரா வைத்து மூக்குக்குள் விட்டுப் பார்ப்பதுதான் எண்டோஸ்கோபி. மரத்துப்போக ஸ்பிரே அடித்துவிட்டு, ஓ.பி.யிலேயே சில நிமிடங்களில் முடித்துவிடலாம்.

மூக்கின் பக்கச் சுவரில் சுருண்டு நிற்கும் டர்பினேட் என்ற மடிப்புகளைத்தான் மருத்துவர் முக்கியமாகப் பார்ப்பார். அதில் நடு மடிப்பில்தான் இந்த நோய் அதிகம் தென்படும். ஆரோக்கியமான சதை இளஞ்சிவப்பாக இருக்கும், தொட்டால் வலிக்கும், கிள்ளினால் ரத்தம் கசியும். பூஞ்சை ரத்தக் குழாயை அடைத்துவிட்டால், முதலில் அந்த இடம் வெளிறிப்போகும். தொட்டால் உணர்வு இருக்காது, கிள்ளினாலும் ரத்தம் வராது. கறுத்துப்போவது அதற்கு அப்புறம்தான்.

ஆரம்பத்தில் எண்டோஸ்கோபியில் எல்லாம் நார்மலாகத் தெரியவும் வாய்ப்பு இருக்கிறது. சந்தேகம் வலுவாக இருந்தால், மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ மறுபடி பார்ப்பார்கள்.

ஸ்கேன் எடுத்தால் தெரிந்துவிடாதா?

ஸ்கேன் நோயின் எல்லையைக் காட்டும், பெயரைச் சொல்லாது. சி.டி. ஸ்கேனில் எலும்பு அரித்திருப்பது தெரியும். ஆனால், ஆரம்ப நாட்களில் எலும்பு நன்றாகவே இருக்கும். சைனஸ் சதை தடித்திருக்கிறது என்று மட்டும் ரிப்போர்ட் வரும். சளி பிடித்த யாருக்கும் அப்படி வரலாம்.

கண், மூளை, மென்மையான சதைகளைப் பார்க்க எம்.ஆர்.ஐ. சிறந்தது. ரத்தக் குழாயில் கான்ட்ராஸ்ட் மருந்து செலுத்தி எடுக்கும்போது, ரத்த ஓட்டம் இருக்கும் சதை வெள்ளையாக ஒளிரும். செத்துப்போன டர்பினேட் மட்டும் ஒளிராமல் கறுப்பாக நிற்கும். 'கறுப்பு டர்பினேட் அடையாளம்' என்றே ரேடியாலஜி டாக்டர்கள் இதைச் சொல்கிறார்கள். நேரில் பார்க்கும்போது கறுக்காத சதைகூட, ஸ்கேனில் இப்படித் தன்னைக் காட்டிக்கொடுக்கலாம்.

சுகர் உள்ளவர்களில் பலருக்குச் சிறுநீரகமும் பலவீனமாக இருக்கும். கான்ட்ராஸ்ட் கொடுக்கலாமா என்பதை கிரியாட்டினின் அளவைப் பார்த்துத்தான் முடிவெடுப்பார்கள்.

தீர்ப்பு சொல்வது ஒரு துளி கரைசல்

எந்த ஸ்கேனும் எந்த ரத்தப் பரிசோதனையும் இந்த நோயை உறுதிசெய்யாது. பாதித்த இடத்திலிருந்து ஒரு துண்டு சதை எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டும். வெறும் பஞ்சுக் குச்சியால் மூக்கைத் துடைத்து எடுப்பது போதாது. காற்றில் மிதக்கும் விதைத்தூள் மூக்கில் சும்மா ஒட்டியிருந்தாலும் அதில் பூஞ்சை வளரலாம். உண்மையான நோய் சதைக்கு உள்ளே இருந்து, குச்சியில் வராமலும் போகலாம்.

சதைத் துண்டை ஒரு கண்ணாடித் தகட்டில் வைத்து, மேலே பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலை ஒரு துளி விடுவார்கள். லேபில் இதற்குப் பெயர் 'கே.ஓ.எச்.' இந்தக் காரம் மனித செல்களைக் கரைத்துவிடும். பூஞ்சையின் சுவர் கைட்டினால் ஆனது என்பதால் கரையாமல் நிற்கும். கால்கோஃப்ளூர் வெள்ளை என்ற சாயத்தையும் சேர்த்தால், புற ஊதா ஒளியில் பூஞ்சை இழைகள் பளிச்சென்று ஒளிரும். செலவு குறைவு. ஒரு மணி நேரத்துக்குள் பதில் கிடைத்துவிடும்.

என்ன தெரியும்? மியூகோர் குடும்பத்தின் இழைகள் ரிப்பன் மாதிரி அகலமாக, மடங்கி நெளிந்து இருக்கும். குறுக்குச் சுவர்கள் இருக்காது, இருந்தாலும் ஒன்றிரண்டுதான். கிளை பிரியும் இடத்தில் கிட்டத்தட்ட செங்கோணம். இதே மூக்கில் இதே மாதிரி நோயை உண்டாக்கக்கூடிய இன்னொரு பூஞ்சை ஆஸ்பெர்ஜில்லஸ். அதன் இழைகள் மெலிந்திருக்கும், மூங்கில் கணுக்கள் போல வரிசையாகக் குறுக்குச் சுவர்கள் இருக்கும், கிளைகள் சுமார் 45 டிகிரியில் பிரியும்.

இந்த வித்தியாசம் ஏட்டுச் சுரைக்காய் இல்லை. ஆஸ்பெர்ஜில்லஸுக்கு முதலில் கொடுக்கும் வோரிகோனசோல், மியூகோரிடம் பலிக்காது. பரவலாகப் பயன்படும் ஃப்ளூகோனசோலும் பலிக்காது. 'ஏதோ பூஞ்சை' என்ற அளவில் நின்றுவிட்டு மருந்து தொடங்கினால், நாட்கள் போகும், நோய் நிற்காது.

அடுத்த கட்டம் பயாப்ஸி. சதையை மெல்லிய சீவல்களாக்கிச் சாயமேற்றி, பூஞ்சை ரத்தக் குழாய்க்குள் உண்மையிலேயே புகுந்திருக்கிறதா என்று நோய்க்குறியியல் மருத்துவர் பார்ப்பார். இதற்குச் சில நாட்கள் ஆகும். அவசரத்தில், ஆபரேஷன் நடக்கும்போதே சதையை உறையவைத்துச் சீவிப் பார்த்து உடனடியாகச் சொல்லும் முறையும் பல பெரிய மருத்துவமனைகளில் இருக்கிறது.

லேபுக்குப் போகும் வழியில் நடக்கும் தவறுகள்

சரியான நேரத்தில் சதை எடுத்தும் பதில் கிடைக்காமல் போவதுண்டு. ஒரு காரணம் டப்பா. பயாப்ஸிக்குப் போகும் துண்டை ஃபார்மலினில் போட வேண்டும். கே.ஓ.எச்., கல்ச்சர் பரிசோதனைக்குப் போகும் துண்டை சலைனில் போட வேண்டும். ஃபார்மலின் பூஞ்சையைக் கொன்றுவிடும், அதற்கப்புறம் கல்ச்சரில் எதுவும் வளராது. எடுத்த சதை மொத்தமும் ஃபார்மலினுக்குள் போய்விட்டால், பூஞ்சையின் வகையைச் சொல்லும் வழிகளில் முக்கியமான ஒன்று அடைபட்டுவிடும். ஆகவே, இரண்டு துண்டு, இரண்டு டப்பா.

இரண்டாவது காரணம் அரைப்பது. பல கிருமிகளுக்கு, சதையை நன்றாக அரைத்துத்தான் கல்ச்சர் போடுவார்கள். குறுக்குச் சுவர் இல்லாத மியூகோர் இழையை அரைத்தால், ஓட்டை விழுந்த தண்ணீர்க் குழாய் மாதிரி மொத்தமும் செத்துப்போகும். சிறு துண்டுகளாக நறுக்கித்தான் வைக்க வேண்டும். 'மியூகோர் சந்தேகம்' என்று லேப் சீட்டில் ஒரு வார்த்தை எழுதியிருந்தால் லேபில் இருப்பவர்கள் கவனமாக இருப்பார்கள்.

எல்லாம் சரியாகச் செய்தாலும், கல்ச்சரில் பூஞ்சை வளர்வது சுமார் பாதிப் பேருக்குத்தான். ஆகவே, மைக்ராஸ்கோப்பில் இழை தெரிந்து, கல்ச்சர் நெகட்டிவ் என்று வந்தால், நோய் இல்லை என்று அர்த்தமாகாது.

ரத்தப் பரிசோதனையில் கண்டுபிடிக்க முடியாதா?

பூஞ்சைத் தொற்றுகளுக்கு ரத்தத்தில் இரண்டு பரிசோதனைகள் புழக்கத்தில் இருக்கின்றன: பீட்டா டி குளூக்கன், கேலக்டோமன்னன். மியூகோர் குடும்பத்தை இந்த இரண்டாலும் பிடிக்க முடியாது. ஆக, 'ஃபங்கஸ் டெஸ்ட் நெகட்டிவ்' என்று ரிப்போர்ட் வந்துவிட்டது என்பதற்காக நிம்மதியடைந்தால், அது பொய்யான நிம்மதி.

புதிய வழி ஒன்று திறந்துகொண்டிருக்கிறது. ரத்தத்தில் மிதக்கும் மியூகோரின் டி.என்.ஏ.வைப் பி.சி.ஆர். மூலம் தேடும் முறை அது. பிரான்ஸ் மருத்துவமனைகளில் நடந்து 2022-ல் வெளியான ஆய்வில், நோய் இருந்தவர்களில் சுமார் 85% பேரை இது கண்டுபிடித்தது. பலருக்கு, மற்ற பரிசோதனைகள் சொல்வதற்குச் சில நாட்கள் முன்பே சொன்னது. ஆனால், அந்த ஆய்வில் பெரும்பாலும் இருந்தவர்கள் ரத்தப் புற்றுநோய் போன்ற பாதிப்பு உள்ளவர்கள். சுகர் உள்ளவருக்கு மூக்களவில் மட்டும் இருக்கும் ஆரம்ப நோயை ரத்தத்தில் தேடுவது அதைவிடக் கடினம். இப்போதைக்குச் சதைத் துண்டுக்கு மாற்று இல்லை.

மூக்கில் மட்டும்தான் வருமா?

சுகர் உள்ளவர்களுக்கு மூக்கு, கண், மூளைப் பாதைதான் அதிகம். நுரையீரலிலும் வரலாம். இருமல், காய்ச்சல், இருமும்போது ரத்தம் என்று வரும். எக்ஸ்ரேயில் நிமோனியா மாதிரியோ டி.பி. மாதிரியோ தெரியும். சளியில் டி.பி. கிருமி இல்லை, ஆன்டிபயாடிக்கும் கேட்கவில்லை, சுகரும் ஏகத்துக்கு இருக்கிறது என்றால், சி.டி. ஸ்கேனும் பிராங்கோஸ்கோபியும் தேவைப்படும்.

காயத்தின் வழியாகத் தோலிலும் வரலாம். மண்ணில் வாழும் அபோஃபைசோமைசிஸ் என்ற வகை இந்தியாவில் இதற்குப் பேர்போனது. விபத்தில் மண் புகுந்த காயம் வேகமாகக் கறுத்துப் பரவினால் சந்தேகப்பட வேண்டும்.

முழு ரிசல்ட் வரும்வரை காத்திருக்கலாமா?

கூடாது. அமெரிக்காவின் எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையத்தில், இந்தத் தொற்று வந்த 70 ரத்தப் புற்றுநோயாளிகளை ஆராய்ந்து 2008-ல் ஓர் ஆய்வு வெளியானது. ஆம்போடெரிசின் பி மருந்தைச் சீக்கிரம் தொடங்கியவர்களில் 12 வாரங்களுக்குள் இறந்தவர்கள் சுமார் 49%. ஆறு நாளோ அதற்கு மேலோ தாமதமானவர்களில் சுமார் 83%. அவர்கள் ரத்தப் புற்றுநோயாளிகள், சர்க்கரை நோயாளிகளுக்கு எண்கள் அப்படியே பொருந்தாது. தாமதத்துக்கு என்ன விலை என்பது மட்டும் எல்லோருக்கும் பொது.

அதனால்தான், அறிகுறியும் எண்டோஸ்கோபியும் ஒத்துப்போய், கே.ஓ.எச்.சில் அகன்ற இழை தெரிந்தால், கல்ச்சருக்குக் காத்திராமல் அன்றைக்கே மருந்தைத் தொடங்குகிறார்கள். சந்தேகம் மிக வலுவாக இருந்தால் அதற்கும் முன்பே. செத்த சதையை ஆபரேஷன் செய்து எடுப்பதும் சேர்ந்தே நடக்க வேண்டும். செத்த சதைக்கு ரத்த ஓட்டம் இல்லை, மருந்தும் அங்கே போய்ச் சேராது. மூன்றாவதாக, சர்க்கரையையும் கீட்டோனையும் கட்டுக்குள் கொண்டுவர வேண்டும். இது இல்லாமல் மற்ற இரண்டும் முழுசாகப் பலன் தராது.

அப்படியானால் சந்தேகம் வந்த எல்லோருக்கும் மருந்தைக் கொடுத்துவிடலாமே? முடியாது. ஆம்போடெரிசின் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடிய மருந்து. பாதிப்பு குறைவான லிப்போசோமல் வகை விலை அதிகம். 2021-ல் அதற்காக மக்கள் ஊர் ஊராக அலைந்தது நினைவிருக்கலாம். ஆபரேஷனோ முகத்தையே மாற்றிவிடக்கூடியது. ஆதாரம் வேண்டும், சீக்கிரமும் வேண்டும். இந்த இரண்டையும் ஒரே நாளில் கொடுப்பதால்தான் கே.ஓ.எச். பரிசோதனைக்கு இவ்வளவு மதிப்பு.

நோயாளியும் குடும்பமும் என்ன செய்யலாம்?

எந்த டாக்டரிடம் போனாலும் முதல் வாக்கியமே "எனக்கு சுகர் இருக்கு" என்பதாக இருக்கட்டும். பல் டாக்டரிடமும் கண் டாக்டரிடமும் இதைச் சொல்லப் பலர் மறக்கிறார்கள். கடைசியாக எடுத்த சர்க்கரை அளவும் எச்பிஏ1சி அளவும் கையில் இருந்தால் இன்னும் நல்லது. சமீபத்தில் ஸ்டீராய்டு ஊசியோ மாத்திரையோ எடுத்திருந்தால் அதையும் சொல்ல வேண்டும்.

வீட்டில் அப்பாவுக்கோ அம்மாவுக்கோ சுகர் இருந்து, ஒரு பக்க முகவலி என்று சொன்னால், அன்றைக்கே சர்க்கரையைப் பரிசோதித்துப் பாருங்கள். அளவு ரொம்ப அதிகமாக இருந்தாலோ, வாந்தி, மூச்சு வாங்குவது, மயக்கம் மாதிரி இருந்தாலோ, கீட்டோனும் பார்க்க வேண்டும். எஸ்.ஜி.எல்.டி.2 வகை மாத்திரை சாப்பிடுபவர்களுக்குச் சர்க்கரை அளவு பெரிதாக ஏறாமலேயே கீட்டோன் ஏறலாம் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

ஆன்டிபயாடிக் தொடங்கி இரண்டு நாளில் வலி குறையவில்லை என்றால், ஐந்து நாள் கோர்ஸ் முடியட்டும் என்று உட்கார்ந்திருக்க வேண்டாம். "டாக்டர், மூக்கில் ஸ்கோப் விட்டுப் பார்த்துடலாமா? பூஞ்சை இருக்க வாய்ப்பு இருக்கா?" என்று தயங்காமல் கேட்கலாம். அந்த வசதி இல்லாத இடமாக இருந்தால், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம். காது மூக்கு தொண்டை, கண், நுண்ணுயிரியல், சர்க்கரை நோய்ப் பிரிவுகள் ஒரே வளாகத்தில் இருப்பது இந்த நோயில் பெரிய வசதி.

முகத்தை செல்போனில் தினமும் ஒரே வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்து வைப்பதும் உதவும். இமை எப்போது இறங்கத் தொடங்கியது, வீக்கம் எவ்வளவு வேகமாகக் கூடியது என்பதை டாக்டருக்கு வார்த்தையில் விளக்குவதைவிட, மூன்று நாள் படங்களைக் காட்டுவது தெளிவாக இருக்கும்.

சுகர் உள்ளவருக்கு மூக்கடைத்தாலே பூஞ்சை என்று பதற வேண்டியதில்லை. பெரும்பாலும் அது வெறும் சளியாகவே இருக்கும். சர்க்கரை கட்டுக்குள் இருப்பவருக்கு இந்த நோய் வருவது மிக அரிது. ஒரு பக்கமாக வலித்து, கன்னம் மரத்து, மருந்துக்கு அடங்காமல் இருக்கிறது என்றால் மட்டும், கறுப்பு தெரியும்வரை காத்திராமல் அன்றைக்கே மூக்கைப் பரிசோதித்துவிடுவது நல்லது.